பத்துக்குப் பத்து அறையில் கறுப்பு

திருவண்ணாமலையில் எந்த வீட்டுப் படுக்கையறைக்கு அளவெடுக்கப் போனாலும் அங்கே ஏற்கெனவே ஒரு கறுப்புச் சாமான் இருக்கும். சுவரில் பதித்த கடப்பாக்கல் அலமாரிதான் அது. ஆந்திரத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய கல். மடித்த புடவை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம், மாத்திரை டப்பா, பழைய ஆல்பம் எல்லாம் அதன்மேல்தான் இருக்கும். அது கறுப்பு என்பது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அதே அறையில் "கட்டிலையும் கறுப்பாவே போட்டுடலாமா?" என்று வீட்டுப் பையன் கேட்டுவிட்டால் போதும், கூடத்தில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள்.

எனக்குத் தச்சுவேலை அப்பா வழியில் வந்தது. பட்டறை செங்கம் சாலைப் பக்கம். கதவு, ஜன்னல், பூஜை அலமாரி என்று எல்லாமும் செய்கிறேன். ஆனால் மனம் வைத்துச் செய்வது சின்ன அறைகளுக்கான கட்டில், அலமாரி, மேசை. இந்த ஊரில் சின்ன அறைக்குப் பஞ்சமே இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் பழைய வீடுகள் முகப்பு குறுகி, உள்ளே நீண்டுகொண்டே போகும். அண்ணன் தம்பி பாகம் பிரித்த பிறகு ஒரு கூடம் இரண்டாகும், ஒரு தாழ்வாரம் அறையாகும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று மாடியில் இன்னும் இரண்டு அறை ஏறும். ரமண நகரிலும் பெரும்பாக்கம் சாலையிலும் வேறு கதை. ரமண மகரிஷியை வெளிநாட்டாருக்கு அறிமுகப்படுத்திய பால் பிரன்டனின் புத்தகம் 1934இல் வந்ததிலிருந்து வெளிநாட்டவர் வரத்து நின்றதே இல்லை. கார்த்திகையில் வந்து பங்குனி வெயிலுக்கு முன் கிளம்புகிறவர்களுக்காகக் கட்டிய அறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒன்பதுக்குப் பத்து, பத்துக்குப் பத்து. கறுப்புச் சாமான் கேட்டு முதலில் என்னிடம் வந்தவர்கள் அந்த அறைகளின் சொந்தக்காரர்கள்தான். இப்போது கல்யாண வீடுகளும் கேட்கின்றன.

திருவூடல் தெருப் பக்கத்தில் ஒரு வீட்டில் சீர்வரிசைக் கட்டிலுக்காக அளவெடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைப் பையன் கறுப்புதான் வேண்டும் என்று நின்றான். பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்பா ஆசாரி, மங்கலக் காரியத்துக்குக் கறுப்பு ஆகுமா? நீயாச்சும் அவனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"பாட்டிம்மா, ஆருத்ரா தரிசனத்துக்கு வாங்கி வந்து நெத்தியில இட்டுக்கிறீங்களே தீப மை, அது என்ன நெறம்?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. மலை உச்சியில் மகா தீபம் 11 நாள் எரிந்து முடிந்ததும் கொப்பரையில் படிந்த கரியை எடுத்து மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். திருவண்ணாமலைக்காரருக்கு அதைவிட மங்கலமான கறுப்பு வேறு கிடையாது. கடைசியில், "சரி, நாலு காலுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வெச்சுத்தான் உள்ள எடுக்கணும்" என்றார். அப்படியே செய்தோம். கறுப்பு மரத்தில் மஞ்சளும் குங்குமமும் தெரிகிற அழகு தேக்கில் தெரியாது. அதன்பின் எந்தக் கறுப்புக் கட்டிலையும் மஞ்சள் குங்குமம் இல்லாமல் நான் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை.

பெரியவர்களின் தயக்கத்துக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. இளையவர்களுக்கு வேறு பயம். கறுப்பு போட்டால் அறை சின்னதாகிவிடும் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. வெள்ளைச் சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கறுப்புப் பலகை இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தரும். அதனால் அறையில் எவ்வளவு பரப்பு கறுப்பாகிறது, எந்த உயரத்தில் கறுப்பாகிறது என்று கணக்குப் போட்டாக வேண்டும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் மட்டும் 400 சதுர அடி. ஐந்தடி அகலம், ஏழடி உயரத்தில் கறுப்பு அலமாரி நிறுத்தினால் அது 35 சதுர அடி. கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் கதவைத் திறந்ததும் நேரே நம் கண் மட்டத்தில் வந்து நிற்பது அந்த 35 சதுர அடிதான். அதே 35 சதுர அடியைக் கட்டிலாகத் தாழ்த்திப் படுக்க வைத்தால் அறைக்கு ஒன்றும் ஆகாது. தலைக்கு மேலே சுவர் முழுவதும் வெளிச்சமாக இருக்கும்.

இத்தனை காலம் வேலை செய்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: சின்ன அறையில் கறுப்பு இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டில், பக்க மேசை, எழுதுமேசை, முக்காலி எல்லாம் கறுப்பாகலாம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற எதுவும் சுவரின் நிறத்தில் இருக்கட்டும். பீரோவைத்தான் முதலில் சொல்கிறேன். நம் வீட்டில் இரும்பு பீரோ இல்லாத படுக்கையறை கிடையாது. அம்மா வீட்டுச் சீராக வந்ததைத் தூக்கிப் போடவும் முடியாது. கறுப்புக் கட்டிலுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அதற்கும் கறுப்பு டூக்கோ அடித்துத் தரச் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். சுவருக்கு என்ன நிறமோ அதையே பீரோவுக்கு அடித்து, கதவு இருக்கிற சுவரிலேயே ஓரமாக நிறுத்திவிட்டால் உள்ளே வருகிறவர் கண்ணுக்கு அது படவே படாது. திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது கால். தரை தெரிகிற அளவுக்குத்தான் அறை பெரிது. பெட்டிக் கட்டில் கேட்காதவர்கள் குறைவு. கீழே சாமான் போடலாம், நியாயமான தேவை. ஆனால் பெட்டிக் கட்டிலைத் தரைவரை கறுப்பாக அடைத்துவிட்டால் அறை நடுவில் திண்ணை கட்டியதுபோல் ஆகிவிடும். கால் வைத்து, தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒன்பது அங்குலமாவது விடுகிறேன். துடைப்பம் உள்ளே போகும், வெளிச்சமும் போகும். சாமான் வைத்தே ஆகவேண்டும் என்றால், தலைமாட்டுப் பக்கம் பாதியை மட்டும் பெட்டியாக்கி, கால்மாட்டைத் திறந்து விடுகிறேன். காலும் கனமாக இருக்கக் கூடாது. தேக்கில் மூன்று அங்குலக் கால் அழகு. கறுப்பில் அதுவே கனத்துத் தெரியும். நல்ல வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து, கழுந்தை ஆழமாக இறக்கி, ஒன்றே முக்கால் அங்குலத்தில் நிறுத்துவேன்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் வில்லியம் காட்வின் என்ற கட்டடக் கலைஞர் 1867 வாக்கில் வரைந்த ஒரு கறுப்புச் சாமான் அலமாரி இருக்கிறது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய வேலைப்பாட்டில் மனம் தோய்ந்தவர் அவர். செதுக்கு வேலை கிடையாது. நேர்க்கோட்டில் மெல்லிய சட்டங்கள், நடுவில் பெரிய பெரிய வெற்றிடம். கறுப்பைவிட அந்த வெற்றிடம்தான் முதலில் கண்ணில் படும். அதே நூற்றாண்டில் இலங்கையின் காலி நகரத்துத் தச்சர்கள் வெள்ளைக்காரத் துரைகளுக்காக அசல் கருங்காலியில் இழைத்த சோபாக்களையும் மேசைகளையும் பாருங்கள். கைத்திறனுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் உயர்ந்த கூரையுள்ள பங்களாக்களுக்காகப் பிறந்தவை அவை. ஒரே ஒரு நாற்காலியை நம் பத்துக்குப் பத்தில் வைத்தாலும் மூச்சு முட்டும்.

கருங்காலி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சில வருடங்களாகக் கிரிவலப் பாதை முழுக்கக் கருங்காலி மாலை விற்கிறார்கள். அந்த மோகத்தில், "கட்டிலையே கருங்காலில செஞ்சு குடுங்கண்ணா" என்று கேட்டு வருகிறார்கள். அசல் கருங்காலியின் வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். மெதுவாக வளர்கிற மரம், அகலப் பலகை கிடைப்பது அரிது. கட்டில் அளவுக்கு யாராவது தருகிறேன் என்றால் சந்தேகப்பட வேண்டும். ஈட்டியும் அப்படித்தான், 2017 முதல் அந்த மரச்சாதி முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பழைய வீடு பிரிக்கிற இடத்தில் ஒரு உத்தரமோ தூணோ கிடைத்தால் தவிர நான் தேடிப் போவதில்லை. ஒரு கட்டிலுக்காக அந்த மரங்கள் விழ வேண்டியதில்லை. கறுப்பை நாமே உண்டாக்கலாம். அதற்கான சரக்கு பக்கத்திலேயே ஜவ்வாது மலையில் விளைகிறது.

கடுக்காயைச் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கி வருகிற கடுக்காயை வாங்கி, தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, தோடை ஒரு இரவு ஊறப்போட்டு மறுநாள் கொதிக்க வைக்கிறேன். தேநீர் நிறத்தில் துவர்ப்புச் சாறு இறங்கும். இன்னொரு பக்கம் ஒரு மண்பானையில் துருப்பிடித்த ஆணி, பழைய லாடம், ரம்பத் துண்டு எல்லாம் போட்டு, பனைவெல்லம் கரைத்த தண்ணீர் ஊற்றித் துணியால் வாய்கட்டி ஒதுக்குப்புறமாக வைத்துவிடுவேன். புளித்து நுரைத்து அடங்க இரண்டு மூன்று வாரமாகும். வெயில் காலத்தில் சீக்கிரம், மார்கழியில் தாமதம். நாற்றம் சொல்லி மாளாது. காளஹஸ்தியிலும் கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி எழுதுகிறவர்கள் கறுப்புக்குச் செய்வதும் இதே வெல்லமும் இரும்பும்தான். துணியைக் கடுக்காயில் நனைத்து வைத்து அதன்மேல் இதால் எழுதுவார்கள். அவர்கள் துணியில் செய்வதை நான் மரத்தில் செய்கிறேன்.

மரத்தை இழைத்து முடித்ததும் ஒரு தடவை வெறும் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும். ஈரம் பட்டால் இழை மயிர்க்கூச்செறிந்து நிற்கும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து அதை அடக்கிவிட்டுத்தான் கடுக்காய்ச் சாறு. சூட்டோடு இரண்டு பூச்சு, நிழலில் காயவேண்டும். அதன்பின் இரும்புத் தண்ணீர். இந்த இடத்தில் பட்டறையில் இருக்கிற பையன்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். தூரிகை போன வழியில் மரம் முதலில் சாம்பலாகும். சாம்பலில் ஒரு நீலம் ஓடும். பேசிக்கொண்டிருக்கும்போதே நீலம் இருண்டு கறுப்பாகிவிடும். பூச்சு அல்ல இது. துவர்ப்பும் இரும்பும் இழைக்குள்ளேயே சேர்ந்து கறுப்பாகின்றன. பழங்காலத்தில் ஐரோப்பாவில் எழுதிய மையும் இதே சேர்க்கைதான். அதனால் மரத்தின் ரேகை அழியாது. கிட்டே போனால் ரேகை தெரியும், தள்ளி நின்றால் கறுப்பு மட்டும் தெரியும். சின்ன அறையில் சாமானுக்கும் மனிதனுக்கும் நடுவில் இரண்டடிதான் இருக்கும். இரண்டடியில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். எனாமல் கறுப்பில் அந்த இரண்டடிக்கு ஒன்றுமே இல்லை.

வேங்கையும் கருவேலமும் தாமே துவர்ப்புள்ள மரங்கள், நன்றாகப் பிடிக்கும். மாமரத்துக்குக் கடுக்காய் கூடுதலாக வேண்டும். கறுப்பு ஏறி நன்றாகக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை, அதன்மேல் தேன்மெழுகு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காய்கிறபோது தானே சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும். விரித்து வெளியே காயப்போட வேண்டும் என்பதை என் பட்டறைக்கு வருகிற பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எல்லாருக்கும் இது கட்டுப்படியாகாது. வாடகைக்கு விடுகிற அறைக்கு ப்ளைவுட்டும் லேமினேட்டும்தான். அதில் கறுப்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. லேமினேட் ஷீட்டின் உள்கட்டு கறுப்பு கலந்த பழுப்பாக இருக்கும். வெள்ளை ஷீட் ஒட்டினால் மூலைக்கு மூலை அந்தக் கோடு தெரியும், கறுப்பில் தெரியாது. ஆனால் பளபளப்பான ஷீட் வேண்டாம். கறுப்புப் பளபளப்பு கண்ணாடி மாதிரி. மேலே எரிகிற டியூப் லைட், சுழல்கிற ஃபேன், கொடியில் தொங்குகிற துணி எல்லாவற்றையும் இரண்டாகக் காட்டும். சின்ன அறையில் ஏற்கெனவே சாமான் அதிகம். மட்டான ஷீட்டிலும் கைரேகை பிடிக்காத வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். எண்ணெய் வைத்த தலை சாய்கிற தலைமாட்டுப் பலகைக்கு எந்த ஷீட்டும் சரிவராது. அந்த ஒன்றை மட்டும் மரத்தில் செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சியாவது சொல்வேன்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் இதைப் பேசினால் மலையைப் பேசாமல் முடியாது. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. 2,668 அடி உயர மலை மேற்கே நிற்பதால் மாட வீதிப் பக்கத்து வீடுகளில் பொழுது சாயும் முன்பே வெயில் போய்விடும். அந்த அறைகள் காலை வெளிச்சத்தை நம்பி வாழ்பவை. கிழக்கு ஜன்னல் இருந்தால் கட்டிலை அதற்குப் பக்கவாட்டில் போடச் சொல்வேன். காலை வெயில் கட்டிலின் நீளச் சட்டத்தில் வழுக்கிக்கொண்டு போகும்போதுதான் கறுப்பின் ரேகை முழுதும் தெரியும். ஜன்னலுக்கு முன்னால் தலைமாட்டை நிறுத்தினால் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி அது வெறும் இருட்டுப் பலகையாகிவிடும். ரமண நகர்ப் பக்கம் மலை வடக்கே வருகிறது, மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் தடையில்லாமல் இறங்கும். அங்கே கறுப்பை ஜன்னலை விட்டு மூன்றடியாவது தள்ளுகிறேன். சித்திரை வெயிலில் கறுப்பு லேமினேட் தொட முடியாத அளவுக்குச் சுடும், ஒட்டு இளகும்.

ராத்திரி வெளிச்சத்துக்குக் கருவறைதான் எனக்குப் பாடம். சின்ன அறை, ஜன்னல் கிடையாது, உள்ளே எண்ணெய் ஏறிய கருங்கல். பகல் வெளிச்சம் எட்டாத அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு விளக்கு எரிகிறது. கல்லின் ஒவ்வொரு வளைவும் தெரிகிறது. உச்சியில் ஒரு டியூப் லைட் போட்டால் அத்தனையும் போய்விடும். அதனால் கட்டில் செய்து கொடுத்த வீட்டில் எலக்ட்ரீசியனையும் கூப்பிட்டு, படுக்கை மட்டத்துக்கு ஓரடி மேலே பக்கச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் தருகிற ஒரு எல்.ஈ.டி. போடச் சொல்கிறேன். 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று டப்பாவில் போட்டிருக்கும். வெள்ளை பல்பின் 6,500 கெல்வின் கறுப்பு மரத்தைச் சாம்பலடித்துக் காட்டும்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் வெண்மை கூடட்டும் என்று சொட்டு நீலம் கலப்பார்கள். கறுப்புச் சாமான் வரப்போகிற அறைக்கு நீலம் வேண்டாம். வெறும் சுண்ணாம்பு, அல்லது ஒரு சிட்டிகை மஞ்சள் காவி. தரை பழைய சிவப்பு ரெட் ஆக்சைடாக இருந்தால் அந்த வீட்டுக்காரர் கொடுத்து வைத்தவர். சிவப்புத் தரை, கறுப்புக் கால், மஞ்சள் ஏறிய வெள்ளைச் சுவர் மூன்றுக்கும் உள்ள பொருத்தம் கோயில் மதிலிலும் கோலத்திலும் நாம் பார்த்துப் பழகியதுதான். அதைப் பெயர்த்துவிட்டு வழவழ வெள்ளை டைல்ஸ் போடப் போகிறேன் என்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். டைல்ஸ் ஏற்கெனவே இருந்தால் கட்டிலைச் சுற்றி ஒரு பவானி ஜமக்காளம் விரிக்கலாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் அது சமாதானம் பேசும்.

கறுப்பில் தூசி தெரியும், அதில் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளைத் தூசிக்கு இந்த ஊரில் இன்னொரு ஊற்றும் உண்டு. கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் விபூதிப் பொட்டலத்தைப் பக்க மேசையில்தான் வைப்பார்கள். கறுப்புப் பலகையில் விபூதி சிந்தினால் துடைக்கத் துடைக்கப் பரவும். அதனால் பக்க மேசையோடு ஒரு சின்னப் பித்தளைத் தட்டும் நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். பொட்டலம் அதில் இருக்கட்டும். மெழுகு போட்ட மரத்துக்கு ஈரத்துணி ஆகாது. காய்ந்த வேட்டித் துணி போதும். வருடம் ஒருமுறை, போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, விரல் நுனி அளவு தேன்மெழுகைத் துணியில் வைத்து ரேகை போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும்.

இப்போது கையில் இருப்பது பவழக்குன்று பக்கம் ஒரு வீட்டு மாடி அறை. எட்டுக்கு ஒன்பது. கதவு உள்பக்கம் திறப்பதால் இரண்டரை அடி அதற்கே போய்விடுகிறது. ஐந்தடிக் கட்டில் கேட்டார்கள். நாலடி போதும், மிச்ச இடத்தில் நடக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறேன். கட்டில் நீளம் ஆறேகால் அடி, வேங்கை மரம். கதவை வெளிப்பக்கம் திருப்பிப் போட வீட்டுக்காரர் சம்மதித்தால் ஜன்னல் ஓரம் ஒரு எழுதுமேசைக்கும் இடம் வரும். பானையில் இரும்பு ஊறி ஒரு வாரம் ஆகிறது.